தைலகாய்டு சவ்வுகளை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி: செடியிலிருந்து அளவுகோல் வரை

இலைச் செல்லின் பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காகக் கிடந்து ஒளியைப் பிடிக்கும் தைலகாய்டு சவ்வுகளைப் படமெடுக்க வருகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்த இடம் நுண்ணோக்கி அறைக்குள் இல்லை. செடி நிற்கும் அலமாரிக்கும், திசுவை இருந்த நிலையிலேயே நிலைநிறுத்தும் ஃபிக்சேட்டிவ் மருந்துக் குப்பிக்கும் நடுவில் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் உருக்குலைந்த சவ்வை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கருவி சேதத்தைத்தான் இன்னும் துல்லியமாகக் காட்டும்.

அதனால் இந்த வழிகாட்டியில் முன்தயாரிப்புக்கே அதிக இடம். மையமாக வைத்திருப்பது ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி, அதாவது ஆய்வகப் பேச்சில் டிஇஎம். அதற்கு முன் கன்ஃபோகலில், அதாவது லேசர் ஒளி நுண்ணோக்கியில், ஒரு நோட்டம் விடுவதும் சேர்ந்திருக்கிறது. ஒரு சுற்று முடிய பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. முதலில் கேள்வி, பிறகு கருவி

என்ன அளவில் பார்க்கப்போகிறோம் என்று காகிதத்தில் எழுதிவிடுங்கள். ஒரு பசுங்கணிகம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளம். கிரானம் (பன்மையில் கிரானா) என்னும் வட்டத் தட்டுகளின் அடுக்கு 300 முதல் 600 நானோமீட்டர் அகலம். அடுக்கில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு ஏறத்தாழ 20 நானோமீட்டர். சவ்வின் தடிமன் 4 நானோமீட்டர் அளவில்தான்.

இப்போது ஒளி நுண்ணோக்கியின் எல்லையைக் கணக்கிடுங்கள். பச்சையம் உமிழும் சிவப்பு ஒளி 680 நானோமீட்டர் பக்கம். 1.2 எண்துளை (லென்ஸ் ஒளியை வாங்கும் திறனின் அளவு) உள்ள லென்சில் பிரித்தறியும் எல்லை 0.61 × 680 ÷ 1.2, அதாவது சுமார் 345 நானோமீட்டர். கன்ஃபோகலில் இது ஓரளவு மேம்படலாம். ஆனாலும் கிரானம் ஒரு சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், அதன் அடுக்குகள் ஒருபோதும் தெரியாது. நெருங்கி நிற்கும் இரண்டு கிரானா ஒரே புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். கன்ஃபோகல் படத்தில் புள்ளிகளை எண்ணி கிரானா எண்ணிக்கை என்று அட்டவணை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் லென்சைப் பற்றித்தான் பேசுகிறது, செடியைப் பற்றி அல்ல.

உயிருள்ள செல்லில் பசுங்கணிகம் எங்கே நிற்கிறது, கிரானா பரவல் மொத்தத்தில் மாறியதா என்பது கேள்வியானால் கன்ஃபோகல் போதும். அடுக்குகளின் எண்ணிக்கை, உயரம், தட்டிடை தூரம், சவ்வு வீக்கம் ஆகியவற்றுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியை விட்டால் வழியில்லை. இரண்டுக்கும் நடுவே, 100 நானோமீட்டர் அளவுவரை போகும் கட்டமைப்பு ஒளியூட்ட நுண்ணோக்கி இருக்கிறது. கிரானத்தின் விட்டத்தை உயிருள்ள நிலையில் பார்க்க அது உதவும்.

2. இலையைத் தொடும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

எலக்ட்ரான் நுண்ணோக்கித் தரக் குளூட்டரால்டிஹைடு, 25 சதவீதக் கரைசலாக, மூடி முத்திரையிட்ட சிறு ஆம்பூலில் வருவது. பழைய பெரிய பாட்டிலில் இருப்பது தானாகப் பிணைந்து பாலிமராகியிருக்கும், வேண்டாம். 0.2 மோலார் பாஸ்பேட் அல்லது கக்கோடைலேட் பஃபர், பிஹெச் 7.2. ஆஸ்மியம் டெட்ராக்சைடு. எத்தனால் வரிசை. துண்டை உள்ளே வைத்துக் கெட்டியாக்க, தாவரத் திசுவுக்கேற்ற குறைந்த பாகுநிலையுள்ள ஸ்பர் ரெசின். புதிய பிளேடுகள், மெழுகுத் தாள், நுனி மெல்லிய ஃபோர்செப்ஸ், வெற்றிடக் குடுவை.

ஃபிக்சேட்டிவை அன்றே கலக்குங்கள். 25 சதவீதக் குளூட்டரால்டிஹைடு 1 மில்லி, 0.2 மோலார் பஃபர் 5 மில்லி, நீர் 4 மில்லி. இதில் 2.5 சதவீதக் குளூட்டரால்டிஹைடும் 0.1 மோலார் பஃபரும் கிடைக்கும். இங்கே நடக்கும் வழக்கமான தவறு, நீரைச் சேர்க்கும் கணக்கில் பஃபரையும் சேர்த்து நீர்த்துவிடுவது. பஃபர் நீர்த்தால் தைலகாய்டு ஊதும். அந்த ஊதலைப் பிறகு வறட்சியின் விளைவு என்றோ உப்பின் விளைவு என்றோ எழுதிவைப்பார்கள்.

பாதுகாப்பை நீட்டி முழக்கவில்லை, ஆனால் தாண்டவும் முடியாது. ஆஸ்மியத்தின் ஆவி கண்ணின் கருவிழியைத் தாக்கும். குப்பியைத் திறப்பது ஃபியூம் ஹுட்டுக்குள் மட்டும். மீந்ததை இரு மடங்கு தாவர எண்ணெயில் ஊற்றிவிட்டால் ஆஸ்மியம் எண்ணெயோடு வினைபுரிந்து கறுத்து அடங்கிவிடும். கக்கோடைலேட்டில் ஆர்செனிக் இருக்கிறது, யுரேனைல் அசிடேட் நச்சும் லேசான கதிரியக்கமும் உள்ளது. இரண்டின் கழிவும் தனிக் குடுவைக்கு.

3. செடி எந்த வெளிச்சத்தில் நின்றது

தைலகாய்டு சிலை போல நிற்கும் பொருள் அல்ல. நிழலில் வளர்ந்த இலையில் கிரானா உயர்ந்து அடுக்கப்பட்டிருக்கும். கடும் வெளிச்சத்தில் வளர்ந்த இலையில் குட்டையாக இருக்கும். இது நாட்கணக்கில் நடக்கும் மாற்றம். நிமிடக்கணக்கிலும் மாறும்: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒளி அறுவடைப் புரதங்கள் இடம் மாறுகின்றன, அடுக்கு நெகிழ்கிறது, தட்டின் உள்ளறை அகலம்கூட மாறுகிறது.

அப்படியானால், சோதனைச் செடியை வளர்ப்பறையில் பறித்து, கட்டுப்பாட்டுச் செடியை மேசைக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் கழித்துப் பறித்தால் என்ன ஆகும்? நீங்கள் அளக்கப்போவது மேசை விளக்கின் விளைவை. எல்லாச் செடிகளையும் ஒரே நேரத்தில், ஒரே விளக்கின் கீழ், ஒரே வயதுடைய இலையில், இலையின் அதே பகுதியில் எடுங்கள். ஒளி அளவைச் சதுர மீட்டருக்கு விநாடிக்கு இத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். 'நல்ல வெளிச்சம்' என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

இன்னொரு சங்கடம் ஸ்டார்ச். பகல் முழுக்க வேலை செய்த பசுங்கணிகத்தில் ஸ்டார்ச் மணிகள் பெருத்துக் கிடக்கும். அவை சவ்வுகளை ஓரத்துக்கு நெருக்கி வளைத்துவிடும். ரெசினும் அவற்றுக்குள் சரியாகப் புகாது, சீவும்போது அந்த இடத்தில் ஓட்டை விழும். இதற்காகப் பலரும் செடியை ஒருநாள் முழுக்க இருட்டில் வைத்துவிடுகிறார்கள். ஸ்டார்ச் போய்விடும், ஆனால் சவ்வு இருள் நிலைக்குப் போயிருக்கும். வெளிச்சத்தைப் பற்றிய கேள்விக்கு அந்தப் படம் உதவாது.

நான் செய்வது இப்படி: வழக்கமான இரவு முடியும் நேரத்தில், ஸ்டார்ச் மிகக் குறைவாக இருக்கும்போது விளக்கைப் போடுவேன். வேண்டிய ஒளியளவில் 30 நிமிடம் நிறுத்தி, அந்த வெளிச்சத்திலேயே வெட்டுவேன். ஸ்டார்ச் சேர நேரமில்லை, சவ்வோ ஒளி நிலைக்கு வந்திருக்கும். இருள் நிலை வேண்டுமானால் விளக்கைப் போடாமல், மங்கிய பச்சை விளக்கில் வேலை செய்யலாம்.

முளைத்ததிலிருந்து இருட்டிலேயே வளர்ந்த நாற்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் தைலகாய்டே இருக்காது. படிகம் போன்ற வலைப்பின்னல் ஒன்று இருக்கும். முதல்முறை பார்க்கும்போது அழகில் மயங்கி, புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும்.

4. கன்ஃபோகலில் ஒரு முன்னோட்டம்

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இரண்டு வாரம் செலவழிக்கும் முன் அரை மணி நேரம் கன்ஃபோகலில் பார்த்துவிடுவது லாபம். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா, பசுங்கணிகங்கள் எங்கே கூடி நிற்கின்றன என்று தெரிந்துவிடும். சாயம் தேவையில்லை, பச்சையமே ஒளிரும். 640 நானோமீட்டர் பக்கமுள்ள சிவப்பு லேசரில் தூண்டி, 660க்கு மேல் 720 வரை வாங்குங்கள்.

இலையைக் கண்ணாடித் தகட்டில் வைத்ததும் படம் மங்கலாகத் தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். செல்களுக்கு இடையே இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. பெர்ஃப்ளூரோடெக்கலின் திரவத்தில் இலையைச் சில நிமிடம் வைத்தால் அந்தக் காற்றிடத்தை அது நிரப்பிவிடும், செல்லுக்கும் கெடுதலில்லை. மூடுகண்ணாடியின் ஓரத்தை நகப்பூச்சால் அடைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அதிலுள்ள கரைப்பான் ஓரத்துச் செல்களைக் கொன்றுவிடும்.

நீல லேசரில் இன்னொரு பொறி இருக்கிறது. பசுங்கணிகங்கள் நீல ஒளிக்கு இடம்பெயரும். 488 நானோமீட்டரில் அடுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவை நகர்ந்துகொண்டிருக்கும். சிவப்பு லேசரைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒளிர்வின் பிரகாசத்தைப் பச்சையத்தின் அளவாக வாசிக்காதீர்கள். அறை வெப்பநிலையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒளித்தொகுப்பு இரண்டு எனப்படும், சவ்விலுள்ள புரதத் தொகுதியின் ஒளிர்வு. அதன் வினைமையங்கள் மூடினால் ஒளிர்வு எகிறும். ஆற்றலை வெப்பமாகக் கழிக்கும் வழி திறந்தால் அடங்கும். லேசரே இரண்டையும் செய்யும். ஒளித்தொகுப்பு இரண்டு கிரானாவில் செறிந்திருப்பதால்தான் கிரானா பளிச்சென்று தெரிகிறது. அதன் இணையான ஒளித்தொகுப்பு ஒன்று இருக்கும் ஸ்ட்ரோமா பகுதி (கிரானாவுக்கு வெளியே உள்ள இடம்) மங்கலாகத் தெரிவதை வைத்து அங்கே சவ்வே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

5. வெட்டுவதும் ஃபிக்ஸ் செய்வதும்

நிதானமும் வேகமும் சேர்ந்து வேண்டிய படி இது. மெழுகுத் தாளில் ஃபிக்சேட்டிவ் துளி ஒன்றை விடுங்கள். இலைத் துண்டை அந்தத் துளிக்குள் வைத்து, துளிக்குள்ளேயே வெட்டுங்கள். காற்றில் வெட்டினால் வெட்டு விளிம்பு நொடியில் காயும், செல் சுருங்கும்.

பிளேடை அழுத்தாமல் இழுத்து வெட்டுங்கள். அழுத்தினால் விளிம்பில் இரண்டு மூன்று வரிசைச் செல்கள் நசுங்கும். ஒரு பிளேடின் ஒரு முனைக்கு ஐந்தாறு வெட்டுதான், பிறகு மாற்றிவிடுங்கள். துண்டு 1 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் நீளம். அதற்கு மேல் வேண்டாம். குளூட்டரால்டிஹைடு திசுவுக்குள் மெதுவாகத்தான் ஊறும். பெரிய துண்டின் நடுவிலிருக்கும் செல்கள் மருந்து வந்து சேரும் முன்பே செத்துக் கலைய ஆரம்பித்துவிடும். நடு நரம்பைத் தவிர்த்து, நரம்புகளுக்கு இடையிலிருந்து எடுங்கள்.

வெட்டிய துண்டுகள் குப்பியில் மிதக்கும். மிதக்கிறது என்றால் உள்ளே காற்று, மருந்து போகவில்லை. குப்பியை வெற்றிடக் குடுவையில் வைத்துக் காற்றை மெல்ல உறிஞ்சுங்கள். துண்டின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். ஒரு நிமிடம் நிறுத்தி, காற்றை மிக மெதுவாகத் திரும்ப விடுங்கள். திரவம் உள்ளே போவது காற்றைத் திரும்ப விடும் இந்த நேரத்தில்தான், உறிஞ்சும்போது அல்ல. அவசரப்பட்டு வால்வைச் சட்டென்று திறந்தால் செல்கள் பிய்ந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்ததும் துண்டுகள் கரும்பச்சையாகி அடியில் அமரும். அப்படியும் மிதக்கும் துண்டை இரக்கமில்லாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள். 'இதுவும் இருக்கட்டும்' என்று விட்டுவைத்த துண்டைத்தான், எப்படியோ, கடைசியில் சீவ எடுப்பீர்கள்.

முதல் 15 நிமிடம் குப்பி அதே விளக்கின் கீழ் இருக்கட்டும். மருந்து ஊறும்வரை செல்லுக்கு உயிர் இருக்கிறது, இருட்டைக் கண்டால் அது இருட்டுக்கு ஏற்ப மாறும். பிறகு புது ஃபிக்சேட்டிவை மாற்றி, அறை வெப்பநிலையில் 3 மணி நேரம். பலர் எடுத்ததுமே பனிக்கட்டியில் வைக்கிறார்கள். நான் வைப்பதில்லை. குளிரில் குறுக்குப்பிணைப்பு தாமதமாகும், சவ்வு நகர அவகாசம் கிடைக்கும். மறுநாள்தான் தொடர முடியும் என்றால் இந்த 3 மணி நேரத்துக்குப் பிறகு 4 டிகிரியில் இரவு முழுக்க வைக்கலாம்.

6. ஆஸ்மியம், நீர் நீக்கல், ரெசின்

பஃபரில் மூன்று முறை, தலா 15 நிமிடம் கழுவுங்கள். குளூட்டரால்டிஹைடு மிச்சமிருந்தால் ஆஸ்மியத்தோடு வினைபுரிந்து, படம் முழுக்க மிளகுத் தூள் தூவியது போல் கறுப்புப் பொடி படியும். அதைப் பிறகு நீக்க முடியாது.

ஆஸ்மியம் 1 சதவீதம், 2 மணி நேரம். இது எதற்கு? குளூட்டரால்டிஹைடு புரதத்தைத்தான் கட்டிப்போடும், கொழுப்பை அல்ல. ஆஸ்மியம் கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்பைப் பிடிக்கும். தைலகாய்டின் கொழுப்பு பெரும்பாலும் காலக்டோலிப்பிடு, அதில் மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக் அமிலம் மிகுதி. அதனால் இந்தச் சவ்வு ஆஸ்மியத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். இந்தப் படியைக் குறைத்தால் அடுத்து வரும் எத்தனால் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு துண்டைப் பலியிட்டு நடுவில் வெட்டிப் பாருங்கள். மையம்வரை கறுத்திருக்க வேண்டும். நடுவில் வெளிறிய பட்டை தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

பிறகு நீரில் கழுவி, எத்தனால் 30, 50, 70, 80, 90 சதவீதம் ஒவ்வொன்றிலும் 15 நிமிடம், முழு எத்தனாலில் மூன்று முறை 20 நிமிடம். முழு எத்தனால் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் பலமுறை திறந்த பாட்டில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். கடைசி மாற்றத்துக்குப் புதிய பாட்டில். அடுத்து புரோப்பிலீன் ஆக்சைடு இரண்டு முறை.

ரெசினை அவசரப்படுத்தாதீர்கள். விலங்குத் திசுவுக்கு எழுதிய நெறிமுறையை அப்படியே இலைக்குப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. இலையில் செல்சுவர் இருக்கிறது. ரெசின் ஒரு பங்குக்குக் கரைப்பான் இரண்டு பங்கு, பிறகு சரிபாதி, பிறகு இரண்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் சில மணி நேரம், சுழல்மேசையில். தூய ரெசினில் இரவு முழுக்க, மறுநாள் மாற்றி இன்னொரு முறை. 70 டிகிரியில் 24 மணி நேரம் கெட்டியாகட்டும்.

அச்சில் துண்டை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது படத்தைத் தீர்மானிக்கும். பசுங்கணிகங்கள் செல்சுவரை ஒட்டித் தட்டையாகப் படுத்திருக்கும். தைலகாய்டுகள் அதன் நீளவாக்கில் ஓடும். இலையின் குறுக்குவெட்டாகச் சீவும்படி துண்டை நிறுத்தினால் அடுக்குகள் பக்கவாட்டில் தெரியும் வாய்ப்பு அதிகம். இலைத் தளத்துக்கு இணையாகச் சீவினால் பல கிரானா மேலிருந்து பார்த்த சாம்பல் வட்டங்களாகத்தான் வரும்.

7. தடிமன் சீவல் முதலில், மெல்லிய சீவல் பிறகு

நேராக வைரக் கத்திக்குப் போகாதீர்கள். கண்ணாடிக் கத்தியால் 1 மைக்ரோமீட்டர் சீவலை எடுத்து, டொலுயிடின் நீலத்தில் சாயமேற்றி ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். மேல்தோல், அதன் கீழே நெருக்கமாக நிற்கும் வேலிக்கால் செல்கள், அடியில் இடைவெளியோடு பஞ்சுத் திசு. எந்தத் திசுவை ஒப்பிடப்போகிறீர்களோ அதை மட்டும் விட்டு, முகப்பை அரை மில்லிமீட்டருக்குள் சரிவகமாகச் செதுக்குங்கள். எல்லா மாதிரிகளிலும் அதே திசு.

மெல்லிய சீவல் தொட்டி நீரில் மிதக்கும்போது அதன் நிறமே தடிமனைச் சொல்லும். சாம்பல் என்றால் 60 நானோமீட்டருக்குக் கீழ், வெள்ளி 60 முதல் 90, பொன் அதற்கு மேல். வெளிறிய வெள்ளியைப் பிடியுங்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு ஒரு கணக்கு. சீவல் 70 நானோமீட்டர். கிரானத்தின் சவ்வுகள் சீவலுக்குச் செங்குத்தாக இல்லாமல் 8 டிகிரி சாய்ந்திருக்கின்றன என்று வையுங்கள். 8 டிகிரியின் டேன்ஜென்ட் 0.14. ஒவ்வொரு சவ்வும் படத்தில் 70 × 0.14, அதாவது கிட்டத்தட்ட 10 நானோமீட்டர் அகலத்துக்கு இழுபட்டுத் தெரியும். தட்டிடை தூரமே 20 தான். ஆக வெறும் 8 டிகிரி சாய்வில் பாதி இடைவெளி மூடிவிடுகிறது. பொன் நிறச் சீவலில் இன்னும் மோசம். உங்கள் படத்தில் பாதிக்கு மேற்பட்ட கிரானா மங்கலாக இருந்தால் பதற வேண்டாம், அது வடிவியல். ஸ்டேஜைச் சாய்க்க முடிகிற கருவியானால் சில டிகிரி சாய்த்துப் பாருங்கள். மங்கலான அடுக்கு திடீரென்று கோடு கோடாக விரியும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

8. சாயம்

சீவலைக் கிரிட்டில், அதாவது சிறு உலோக வலைத் தகட்டில், ஏந்திக்கொண்டு, 2 சதவீத யுரேனைல் அசிடேட்டில் 15 நிமிடம், வெளிச்சம் படாமல். கழுவி, லெட் சிட்ரேட்டில் 5 நிமிடம். லெட் சிட்ரேட் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சந்தித்தால் கார்பனேட்டாகிக் கறுப்புப் புள்ளிகளாகப் படியும். மூடிய பெட்ரி தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சுற்றிப் போட்டு, நடுவில் துளி வைத்துச் செய்யுங்கள். கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியது.

ஒருமுறை தட்டின் மேல் குனிந்து, கிரிட்டை எண்ணிக்கொண்டே மூச்சுவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பத்து கிரிட்டில் ஏழு புள்ளிப் புள்ளியாகப் போயின. முகக்கவசம் போட்டுக்கொண்டால் போதும்.

9. கருவியில் ஏற்றிய பிறகு

80 கிலோவோல்ட் நல்ல தொடக்கம், குறைந்த மின்னழுத்தத்தில் வேறுபாடு கூடுதலாகக் கிடைக்கும். உடனே உருப்பெருக்கத்தை ஏற்றாமல், குறைந்த உருப்பெருக்கத்தில் எலக்ட்ரான் கற்றையை அகல விரித்து ஓரிரு நிமிடம் சீவலைப் பழக்குங்கள். பழகாத சீவலில் கற்றையைக் குவித்தால் கிழியும்.

முதலில் செல்லை அடையாளம் காணுங்கள். பசுங்கணிகத்தின் உறையில் இரண்டு சவ்வு தெரிய வேண்டும். வெளிறிய பெரிய நீள்வட்டம் ஸ்டார்ச். கறுத்த உருண்டைகள் பிளாஸ்டோகுளோபுல்கள் என்னும் கொழுப்புத் துளிகள், அழுக்கு அல்ல. கிரானாவை இணைத்து ஓடும் ஒற்றைக் கோடுகள் ஸ்ட்ரோமா தைலகாய்டு.

பக்கத்திலிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். தைலகாய்டு ஊதியிருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவும் ஊதி உள்மடிப்புகள் சிதைந்திருக்கின்றன, உறையும் கிழிந்திருக்கிறது என்றால் குற்றவாளி அனேகமாக ஃபிக்சேஷன். மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக இருந்து தைலகாய்டு மட்டும் ஊதியிருந்தால்தான் சோதனையின் விளைவா என்று யோசிக்கத் தொடங்கலாம்.

செல் வகையில் ஏமாறுவது தனிக்கதை. மக்காச்சோளத்தில் வேலை செய்த ஒரு மாணவி, உப்பு கொடுத்த செடியில் கிரானா அடியோடு மறைந்துவிட்டது என்று மூன்று வாரம் குதூகலமாக இருந்தார். படங்களை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். பசுங்கணிகம் நிறைய நீளமான ஒற்றைத் தைலகாய்டுகள், அடுக்கே இல்லை, ஸ்டார்ச் ஏராளம். பக்கத்தில் நரம்புக் குழாய். அவர் எடுத்திருந்தது முழுக்க நரம்பைச் சூழ்ந்து நிற்கும் கற்றை உறைச் செல்கள். மக்காச்சோளத்தில் கற்றை உறைப் பசுங்கணிகத்தில் இயல்பாகவே கிரானா ஏறக்குறைய இருக்காது, அடுத்து நிற்கும் இலையிடைத் திசுச் செல்லில்தான் இருக்கும். உப்பு கொடுக்காத செடியிலும் அதே இடத்தைப் பார்த்தோம், அதே காட்சி. குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு சுற்றுப்புறப் படம் எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு பசுங்கணிகத்துக்கும் மூன்று படம்: செல்லும் அக்கம்பக்கமும், முழுப் பசுங்கணிகம், கிரானாவின் நெருக்கப்படம்.

நெருக்கப்படத்தில் ஒரு பிக்சல் 1 நானோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 4,096 பிக்சல் கேமராவில் அது 4 மைக்ரோமீட்டர் அகலம்தான், முழுப் பசுங்கணிகம் அடங்காது. ஒரே படத்தில் இரண்டையும் பெற முயல்கிறவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள்.

அழகான பசுங்கணிகத்தைத் தேடி அலையாதீர்கள். கிரிட்டின் ஒரு மூலையில் தொடங்கி, எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் எடுங்கள். விலக்கும் விதியை முன்பே எழுதிவைத்து, அதன்படி மட்டும் விலக்குங்கள்.

10. அளவெடுத்தல்

கருவித் திரையிலுள்ள அளவுகோலை நம்பும் முன் சரிபார்க்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 2,160 கோடுள்ள கார்பன் வலைத் தகடு கிடைக்கும், ஒரு கட்டம் 463 நானோமீட்டர். அதே உருப்பெருக்கத்தில் ஒரு படம் எடுத்துக் கணக்கை நேர்செய்யுங்கள்.

படங்களின் பெயரை மாற்றச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். எது சோதனை, எது கட்டுப்பாடு என்று தெரிந்தால் கை தானாகச் சாயும். நேர்மையானவர்களுக்கும் சாயும்.

அளக்க ஃபிஜி அல்லது இமேஜ்ஜே மென்பொருள் போதும். கூர்மையாகக் கோடு தெரியும் கிரானாவை மட்டும் அளக்க வேண்டும், மங்கலானவற்றில் தட்டுகளை எண்ணுவது ஊகம். எத்தனை கிரானாவில் எத்தனை அளக்க முடிந்தது என்ற விகிதத்தையும் பதிவுசெய்யுங்கள்.

தட்டிடை தூரத்தில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று. 10 தட்டுள்ள கிரானத்தில் முதல் தட்டின் மையத்திலிருந்து கடைசித் தட்டின் மையம்வரை 171 நானோமீட்டர் என்று வையுங்கள். இடைவெளிகள் 9. ஆக 171 ÷ 9 = 19. பத்தால் வகுத்தால் 17.1 வரும். 3 தட்டுள்ள குட்டைக் கிரானத்தில் இதே தவறு மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சோதனைச் செடியில் கிரானா குட்டையாக இருந்தால், தவறான வகுத்தல் மட்டுமே தட்டுகள் நெருங்கிவிட்டதாகக் காட்டும்.

வேதி ஃபிக்சேஷனும் நீர் நீக்கலும் திசுவைச் சுருக்கும். அதனால் உங்கள் 19 நானோமீட்டர் உயிருள்ள செல்லின் உண்மை அளவு அல்ல. ஒரே நாளில், ஒரே கரைசலில் தயாரித்த மாதிரிகளுக்குள் ஒப்பிடலாம், வேறொருவர் வெளியிட்ட எண்ணோடு நேருக்கு நேர் வைக்கக்கூடாது.

புள்ளியியலில் அலகு செடி. மூன்று செடியிலிருந்து 300 கிரானா அளந்தால் மாதிரி எண்ணிக்கை 3 தான், 300 அல்ல. ஒரே பசுங்கணிகத்துக் கிரானா ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். நேரம் மிஞ்சினால் ஒரே செடியில் இன்னும் 50 கிரானாவை அளப்பதைவிட இன்னொரு செடியை ஃபிக்ஸ் செய்வது மேல்.

11. இது போதாதபோது

உள்ளறையின் அகலம் போன்ற சில நானோமீட்டர் வேறுபாடுதான் கேள்வி என்றால் வேதி ஃபிக்சேஷனை நம்ப முடியாது. உயர் அழுத்த உறைவிப்பு வேண்டும். 2,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் மில்லிவிநாடிகளில் உறையும், 200 மைக்ரோமீட்டர் தடிமன்வரை பனிப்படிகம் இல்லாமல் கிடைக்கும். இங்கேயும் இலைக்குள் இருக்கும் காற்றுதான் எதிரி. அழுத்தத்தில் காற்று நசுங்கும், திசுவும் கூடவே நசுங்கும். 1-ஹெக்சாடெசீன் போன்ற திரவத்தால் முதலில் நிரப்பிவிட வேண்டும்.

சவ்விலுள்ள புரதங்களையே பார்க்க வேண்டுமானால் கிரையோ எலக்ட்ரான் டோமோகிராஃபி அல்லது பிரித்தெடுத்த கிரானா சவ்வில் அணுவிசை நுண்ணோக்கி. இரண்டுக்கும் பெரும்பாலும் பசுங்கணிகத்தை இலையிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கும். அப்போது பஃபரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். தட்டுகளின் எதிர்மின் சுமையை அடக்கி அடுக்கைப் பிடித்துவைப்பது இந்த நேர்மின் அயனிகள்தான். உப்புச் செறிவு குறைந்த, மெக்னீசியம் இல்லாத பஃபரில் கிரானா தானாகப் பிரிந்துவிடும். 5 மில்லிமோலார் அளவில் இருந்தால் அடுக்கு நிற்கும்.

பிரித்த பசுங்கணிகம் முழுமையாக இருக்கிறதா என்பதைக் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். உறை கிழியாதது சுற்றிலும் ஒளிவட்டத்தோடு பளபளக்கும். கிழிந்தது மங்கி, கருமையாக, உள்ளே பொடிப்பொடியாகத் தெரியும். பத்தில் மூன்று நான்கு கிழிந்திருந்தால் அந்தத் தொகுதியை விட்டுவிட்டுப் புதிதாக அரைப்பதே நேர மிச்சம்.

சீவி முடித்த ரெசின் கட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். செடி எண், ஒளியளவு, ஃபிக்ஸ் செய்த நேரம் மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டோடு பெட்டியில் வையுங்கள், பேனா மை கரைப்பான் பட்டால் அழிந்துவிடும். கட்டை பல ஆண்டுகள் கெடாது. ஆய்வுக்கட்டுரையை மதிப்பிடுகிறவர் வேலிக்கால் செல்லோடு பஞ்சுத் திசுவையும் காட்டச் சொன்னால், மறுபடி விதையிலிருந்து தொடங்காமல், அந்தக் கட்டையை எடுத்து முகப்பைச் சற்றுத் தள்ளிச் செதுக்கினால் போதும்.